ஹீட் கன்னை வைத்த இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள். ரேஷன் கார்டில் பெயர் திருத்த ஒரு மனு எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பெண்கள் இந்த ஹீட் கன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்கிறார்கள். என் வீட்டில் நடந்தது அவர்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வருடம் நான் செக்கிங்கில் நின்றேன். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரிக்கிற வேலை அது. நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். காலை எட்டரைக்கு நின்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் உட்காரலாம். போன வருடம் வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. டாக்டர் ஊசி போட்டு, இனிமேல் நின்று வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். தையலுக்குப் போகலாம் என்றால் மெஷினை மிதிக்கவும் அதே கால்தான் வேண்டும்.

அப்போதுதான் லேபிள் எடுக்கிற வேலை வந்தது. முன்பெல்லாம் பனியனின் கழுத்துக்குள் துணி லேபிள் வைத்துத் தைப்பார்கள். இப்போது பாதிக்கு மேல் சூட்டில் ஒட்டுகிற லேபிள். அவசரத்தில் சின்ன அளவுப் பனியனில் பெரிய அளவு லேபிளை ஒட்டிவிடுவார்கள். அதை உரித்து எடுத்தால்தான் சரியானதை ஒட்ட முடியும். துணியின் பின்பக்கம் சூடு காட்டினால் பசை இளகும். சின்ன இடுக்கியால் முனையைப் பிடித்து மெல்ல உரிக்க வேண்டும். மிச்சமிருக்கும் பசையைத் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். உட்கார்ந்தே செய்யலாம், வீட்டிலேயே செய்யலாம். சூப்பர்வைசர் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். இதையும் விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சூடு காட்டுகிற மெஷினுக்குத்தான் ஹீட் கன் என்று பெயர். துப்பாக்கி போல ஒரு பிடி, ஒரு விசை, முன்னால் இரும்புக் குழல். பார்ப்பதற்கு முடி உலர்த்துகிற மெஷின் போலவே இருக்கும். அதனால்தான் பயம் வருவதில்லை. முடி உலர்த்துகிற மெஷின் அதிகம் போனால் காதைச் சுடும். இது இரும்புக் கதவில் அடித்த பெயின்டையே கொப்புளிக்க வைக்கும். கம்பெனியில் இதற்கென்று தகரம் அடித்த மேசை உண்டு, மேலே புகையை இழுக்கிற ஃபேன் உண்டு. என் வீட்டில் பத்துக்குப் பத்து அறையும் ஒரு கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இருந்தன.

நாங்கள் இருப்பது அவிநாசி போகிற வழியில் ஒரு லைன் வீடு. ஐந்து வீடுகள் வரிசையாக, ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஷீட் கூரை. முன்னால் மாடி வீட்டில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார். பின்னால் அவருடைய வேஸ்ட் குடோன். வேஸ்ட் என்றால் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணி. அதை வாங்கி, வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்து, மூட்டை கட்டி அனுப்புவார்கள்.

எங்கள் ஊரில் வேஸ்ட் இல்லாத வீடு கிடையாது. சுடுபாத்திரம் இறக்க வேஸ்ட். வண்டி துடைக்க வேஸ்ட். ஜன்னல் இடுக்கை அடைக்க வேஸ்ட். தலையணைக்குள்ளும் அதுதான். எதையாவது கீழே வைக்கப் போனால் கை தானாக ஒரு கத்தை வேஸ்டை இழுத்து அடியில் போடும். நானும் அப்படித்தான் போட்டேன். பக்கத்தில் ஒரு சின்ன வேஸ்ட் மூட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பீஸுக்கும் சூடு காட்டிவிட்டு, கன்னை அதன்மேல் மெத்தென்று படுக்க வைப்பேன். தரையில் வைத்தால் மெஷினுக்கு அடிபடுமே என்ற அக்கறை வேறு.

மூன்றாம் நாள் மத்தியானம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் லைனுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். கன்னை ஆஃப் செய்து மூட்டையின் மேல் வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஃப் செய்துவிட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாவது குடம் நிறைகிறபோது பக்கத்து வீட்டுப் பெண் மூக்கை விரித்து மோந்து பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். பேச்சில் கொஞ்சம் துடுக்கு.

“எக்கா, உங்க வீட்டுல ஏதோ கருகுது. அடுப்புல என்னத்த வச்சிட்டு வந்திய?”

“அடுப்பு அமத்திட்டுத்தானுங்க வந்தேன்.”

“அப்ப என் மூக்குதான் கருகுதாக்கும்! ஓடுங்கக்கா, முதல்ல ஓடுங்க.”

ஓடிப் பார்த்தால் தீ எதுவும் இல்லை. மூட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் பழுப்பு. மெல்லியதாக ஒரு நூல் புகை. கன்னை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மூட்டையின் மேல் ஊற்றினேன். புஸ்ஸென்று அடங்கியது. மூட்டையைத் தூக்கிப் பின்பக்கம் சுவரோரமாக வைத்துவிட்டு மறுபடியும் குழாயடிக்குப் போய்விட்டேன். அந்தச் சுவர் குடோன் சுவர் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

அரை மணி நேரம் கழித்து வீட்டுக்கார அம்மாவின் குரல் பின்பக்கத்திலிருந்து வந்தது.

“ஏனுங் அம்மிணி, என்ற குடோன் செவுத்துல யாருங்க புகை போட்டது?”

மூட்டை மறுபடியும் புகைந்துகொண்டிருந்தது. முன்னைவிட அதிகமாக. அந்த அம்மா ஒரு குச்சியை எடுத்து மூட்டையைக் கிழித்து விரித்தார். வெளியே ஈரமாக இருந்த துணிக்கு உள்ளே, பீடி நுனி மாதிரி சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கிழித்ததும் காற்றுப்பட்டு அவை பெரிதாகின. அவர் பதறவில்லை. குச்சியாலேயே மூட்டையைத் தள்ளி, தண்ணீர் டிரம்முக்குள் முழுவதுமாக அமுக்கினார்.

“பஞ்சு இப்படித்தானுங்க. மேல தண்ணி ஊத்துனா மேலதான் நனையும். உள்ளுக்குள்ள முழிச்சுட்டே கெடக்கும். பிரிச்சு, முக்கி, பெசஞ்சு உடோணும்.”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அந்த மெஷினு இந்த லைன்ல இருக்கக் கூடாதுங்க. உள்ள எத்தன மூட்ட கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கே குடுத்துப்போடுங்க.”

தலையாட்டினேன். அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

சாயங்காலம் சாயப்பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“குடுத்துட்டு வந்துரு. ஊடு போச்சுன்னா எங்க போறது?” என்றார்.

“மொழங்காலு போச்சுன்னா?”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அப்பொ நீயே போயிப் பேசு. அந்தம்மாகிட்டப் பேசறதுக்குப் பதிலா நான் அந்தச் சூட்டு மெஷினு மேலயே உக்காந்துக்குவேன்.”

மறுநாள் காலையில் மாடி வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் நாலு வரி கட்டி வைத்திருந்தேன். அந்த அம்மா வந்து “என்னங்க?” என்றதும் நாலும் போய்விட்டன. ஆனாலும் திரும்பி வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அக்கா, வெள்ளிக்கெழம வரைக்கும் மெஷினப் போட மாட்டனுங்க. எப்படிப் போட்டா தீப்பிடிக்காதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறேன். வெள்ளிக்கெழம நீங்க வந்து உக்காந்து பாருங்க. உங்களுக்கு மனசுக்கு ஒப்பலைன்னா உங்க முன்னாலயே பெட்டில போட்டுக் குடுத்துடறேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பதினோரு வருசமா குடியிருக்கீங்க. நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்களே!”

சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று வந்துவிட்டேன்.

அன்றே கன்னைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறி கம்பெனி மெக்கானிக்கிடம் போனேன். வயதில் என்னைவிடச் சின்னவர். தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் சிரித்தார்.

“ஆஃப் பண்ணுனா காத்து நிக்குமுங்க்கா. சூடு நிக்காது. குழல் அரை மணி நேரத்துக்கு அப்படியே கொதிச்சுட்டு இருக்கும். நீங்க அதைக் கொண்டுபோய் மெத்தைல படுக்க வெச்சிருக்கீங்க!”

கன்னைத் திருப்பி, பின்பகுதியில் பக்கவாட்டில் காற்று உள்ளே போகிற வலையைக் காட்டினார். பஞ்சுத் தூசி அடையாக அப்பியிருந்தது. “பாருங்க, மூணே நாள்ல மெஷினுக்கு மூக்கடைப்பு. காத்து போகாட்டி உள்ள இருக்கற சூட்டுக் கம்பி ஓவராச் சுடும். தூசி உள்ளார போயி கம்பியில பட்டா பொறியா வந்து துணியில உழுகும்.” பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறிய பிறகு, காய்ந்த பிரஷ்ஷால் அந்த வலையைத் தினமும் தட்ட வேண்டும் என்றார். ஊதக் கூடாது, ஊதினால் தூசி உள்ளே போகும்.

எதில் பிளக் போட்டீர்கள் என்று கேட்டார். டிவிக்குப் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு, இவ்வளவு கரண்ட் இழுக்கிற மெஷினைப் பெரிய பிளக்கில்தான் போட வேண்டும் என்றார். வீட்டுக்குப் போய் அந்த ஒயரைத் தடவிப் பார்த்தேன். பிளக் சொருகிய இடத்தில் பிளாஸ்டிக் லேசாக உருகி வளைந்திருந்தது. மூட்டை பற்றாமல் இருந்திருந்தாலும் இது ஒரு நாள் பற்றியிருக்கும்.

என் வீட்டில் பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான், சமையல் மேடைக்கு மேலே, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய முடியாது. மெக்கானிக் தடித்த ஒயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்து கொடுத்திருந்தார். அதை அந்தப் பிளக்கிலிருந்து முன் வாசல் வரைக்கும் சுவரோரமாக இழுத்தேன். கால் தட்டாமல் இருக்கக் கட்டிலை நகர்த்தினேன். வேலை தொடங்கும் முன் சிலிண்டரை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

தின்னர் விஷயம்தான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் ஒரு பீஸை எடுத்தால் சூடு காட்டி, உரித்து, உடனே தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பீஸ். கை அந்த ஓட்டத்துக்குப் பழகிவிட்டது. ஆனால் புகை இழுக்கும் ஃபேன் இல்லாத சின்ன அறையில் தின்னர் ஆவி அப்படியே நிற்கும். கொதிக்கிற குழல் பட்டுப் பற்றிக்கொள்ள அது போதும். அதனால் இரண்டையும் பிரித்தேன். காலையில் முன்வாசல் கதவுக்கு உட்பக்கமாக உட்கார்ந்து சூடு காட்டி உரிப்பது மட்டும். தின்னர் டப்பா மூடியோடு பின்பக்கம். கன் ஆறிப் பெட்டிக்குள் போன பிறகு, பின்பக்கம் வெளியே உட்கார்ந்து துடைப்பது. வேலை கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும்.

வேஸ்டைத்தான் கடைசியாகச் சமாளித்தேன். அறையில் இருந்த எல்லா வேஸ்டையும் எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோனேன். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மிதியடிக்குள் என்று வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, “எக்கா, வீடு காலி பண்ணுதியளா, இல்ல குடோன் வைக்கப் போறியளா?” என்று கேட்டாள். தரை போட்டபோது மிஞ்சிய டைல்ஸ் இரண்டு கூரை மேல் கிடந்தன. அவளே ஏறி எடுத்துக் கொடுத்தாள். கன்னை வைக்க இனிமேல் அந்த டைல்ஸ்தான். எங்கள் கன்னின் பின்பக்கம் தட்டையாக இருக்கும். குழல் வானத்தைப் பார்த்தபடி நிமிர்த்தி வைக்கலாம்.

மின்சாரம் இல்லாமலே இரண்டு நாள் பழகினேன். கன்னை எடு, காட்டு, டைல்ஸில் நிமிர்த்தி வை, பிறகு இடுக்கியை எடு. முதல் நாள் இருபது தடவையில் பத்துத் தடவை கை பக்கவாட்டில் மெத்தென்று எதையோ தேடிப் போனது. இரண்டாம் நாள் மூன்று தடவை. மூன்றையும் எண்ணி, என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கார அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து நின்றாள்.

“டிக்கெட் உண்டாக்கா?” என்றாள்.

“நீ சும்மா இரு கண்ணு, எனக்குக் கவனம் போகுது,” என்றார் வீட்டுக்கார அம்மா.

வழக்கமாக நான் வீட்டில் நைலான் நைட்டிதான் போடுவேன். அன்று பழைய பருத்திப் புடவை. தலைப்பை இடுப்பில் செருகி, முடியைக் கொண்டை போட்டிருந்தேன். ஈரத்துணியால் தரையை இரண்டு தடவை துடைத்திருந்தேன். கதவு, ஜன்னல் திறந்திருந்தன. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், துணி பற்றினால் முக்குவதற்கு. மெஷின் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பிளக்கைப் பிடுங்கி மண்ணைப் போட வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதால் ஒரு தட்டு மண்ணும்.

முதல் பீஸில் கன்னை ஒரே இடத்தில் அதிக நேரம் பிடித்துவிட்டேன். வெள்ளைப் பனியனில் மஞ்சள் நிறமாக ஒரு வட்டம்.

“மஞ்சளாயிருச்சே!” என்றார் வீட்டுக்கார அம்மா உடனே.

“ஆமாங்க. ஒரே எடத்துல நிறுத்தக் கூடாதுங்க. ஆட்டிட்டே இருக்கோணும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்கோணும்.” சொல்லிக்கொண்டே அடுத்த பீஸை எடுத்தேன். சொல்வதால் கை கொஞ்சம் நிதானப்பட்டது. இரண்டு, மூன்று, நான்கு. லேபிள் பால் ஆடை போல உரிந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் கன் டைல்ஸில் நிமிர்ந்து நின்றது.

ஏழாவது பீஸில் கரண்ட் போனது.

அறை ஃபேன் நின்றது. கன்னின் சத்தமும் அப்படியே நின்றது. இது நான் பழகிப் பார்க்காதது. காற்று நின்றுவிட்டதால் சூடு முழுவதும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. விசை இன்னும் ஆனில்தான் இருக்கிறது. கரண்ட் எப்போது வந்தாலும் அது தானாக ஓடும். இந்த நேரத்தில் நான் எழுந்து போனால் மூட்டைக்கு நடந்ததுபோலவே நடக்கும். கன்னை நிமிர்த்தி வைத்தேன். விசையை ஆஃப் செய்தேன். அதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்கி, ஒயரை அந்த அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் போட்டேன். மடியில் இருந்த பீஸ்களை எட்டத் தள்ளினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

“எந்திரிச்சுப் போயி வேலையப் பாருங்க அம்மிணி, கரண்ட் வாரதுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ,” என்றார்.

“இல்லீங்க்கா. இது ஆறுற வரைக்கும் எந்திரிக்க மாட்டனுங்க.”

“தண்ணி வந்தா?”

“வந்தாலும்.”

பக்கத்து வீட்டுப் பெண் தன் வீட்டுக்குப் போய் மூன்று டம்ளர் மோர் கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டே இருந்தோம். கால் மணி நேரம் இருக்கும், கரண்ட் வந்தது. அறை ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது. கன் டைல்ஸின் மேல் பேசாமல் நின்றது. வீட்டுக்கார அம்மா ஃபேனைப் பார்த்தார், கன்னைப் பார்த்தார், தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார்.

எழுந்து உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். தலையணையை அமுக்கிப் பார்த்து, “இதுக்குள்ள?” என்றார்.

“வேஸ்ட்டுதானுங்க.”

“மெஷினு ஓடறப்ப இதும் இங்க இருக்கக் கூடாதுங்க.”

“சரிங்க.”

“கதவச் சாத்திட்டுப் போடக் கூடாது. நான் ஊட்ல இருக்கற நேரத்துலதான் போடோணும், பத்துல இருந்து மூணு வரைக்கும். நிறுத்துனதுக்குப் பொறகு என்னையக் கூப்புட்டுக் காட்டோணும். ஒரு மாசம் பாக்கறேன். ஒரு நாள் வாசம் வந்தாலும் பேச்சே கெடையாது.”

“சரிங்க்கா,” என்றேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நான் பிளக்கை மறுபடியும் சொருகி, உள்ளே தங்கிய சூடு வெளியேறட்டும் என்று குறைந்த சூட்டில் வெறும் காற்றைப் பார்த்து இரண்டு நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, பிடுங்கிவிட்டு, ஆறுகிற வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. தலையணையைப் பின்பக்கம் வைத்துவிட்டு, பத்து மணிக்குக் கன்னைப் போட்டேன். மூன்று மணிக்கு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுபத்திரண்டு பீஸ் ஆகியிருந்தது. இரண்டு பீஸ் மஞ்சளானது, தனியாக எடுத்து வைத்தேன்.